மின்சாரக் கார்களில் வெப்பப் பம்பு

வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானாகவே செல்லும். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குத் தானாகச் செல்வதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீரின் இயல்பை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும், கிணற்றின் ஆழத்திலுள்ள நீரை ஏற்றத்தாலும் கவலையாலும் மேலே கொணர்ந்து வயலுக்குப் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதுபோலவே, சிறிது வேலையைச் செலவிட்டால் குளிர்ந்த இடத்திலுள்ள வெப்பத்தையும் சூடான இடத்துக்கு ஏற்றிவிடலாம். இவ்வாறு ஏற்றும் சாதனமே வெப்பப் பம்பு. மின்சாரக் கார்கள் பலவற்றில் இச்சாதனம் இப்பொழுது பொருத்தப்படுகிறது. அதன் அவசியத்தையும், அது வேலை செய்யும் முறையையும், அதைக் கையாளுவோர் கவனிக்கவேண்டியவற்றையும் இங்கே காண்போம்.

வெப்பம் எங்கிருந்து வருவது?

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி, வண்டியை ஓட்டுவதற்குப் பயன்படாமல் வெப்பமாகவே வெளியேறுகிறது. குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டாலே காரின் உட்புறம் கதகதப்பாகிவிடும். அதற்கெனத் தனிச் செலவில்லை. மின்சார மோட்டாரோ தான் பெறும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடுகிறது. வீணாவது குறைவு, ஆகவே, உட்புறத்தைச் சூடாக்கக் கிடைப்பதும் குறைவு. தேவையான வெப்பத்தைப் பாட்டரியிலிருந்தே பெறவேண்டியிருக்கிறது.

மின்சாரக் கார்கள் பலவற்றில் இதற்காக மின்தடைச் சூடேற்றி பொருத்தப்பட்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் உள்ளதும் இதே தத்துவந்தான். 40 யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரியுள்ள கார் ஒன்றில், 4 கிலோவாட் சூடேற்றி ஒரு மணி நேரம் வேலை செய்வதாகக் கொள்வோம். 4 யூனிட், அதாவது பாட்டரியின் பத்தில் ஒரு பங்கு, இதற்கே செலவாகிவிடும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் காரானால் 24 கிலோமீட்டர் ஓட்டம் குறைகிறது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019-இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 7 டிகிரி குளிரில், சூடேற்றியை உபயோகித்தபொழுது, ஓடும் தூரம் சராசரி 41 சதவிகிதம் குறைந்ததை அச்சோதனை காட்டிற்று. 35 டிகிரி சென்டிகிரேடு வெயிலில் குளிர்சாதனத்தை உபயோகித்தபொழுது குறைந்தது 17 சதவிகிதமே. பனிபெய்யும் மலைப்பாதையில் செல்பவருக்கு இவ்வேற்றுமை வசதியைப் பற்றியது மட்டுமன்று. ஊர் போய்ச் சேர்வதா, வழியில் நிற்பதா என்பதையும் பற்றியதாகும்.

பழைய கருத்து, புதிய பயன்

வெப்பப் பம்பின் கருத்து புதியதன்று. பின்னர் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்ஸன், வெப்பத்தை இவ்வாறு ஏற்றிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-லேயே எடுத்துக் கூறினார். ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகர மண்டபத்தைச் சூடாக்க, லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்பு 1938-இல் அமைக்கப்பட்டது. மின்சாரக் கார்களில், நிஸ்ஸான் லீஃப், ரெனோ ஜோயி ஆகியவற்றின் மூலம் 2012, 2013-ஆம் ஆண்டுகளை ஒட்டி இது பரவத் தொடங்கிற்று. டெஸ்லா நிறுவனம் 2020-இல் தன் மாடல் ஒய் காரில் இதை அமைத்தது.

வேலை செய்யும் முறை

இதன் அடிப்படைகள் இரண்டு. திரவம் ஆவியாகும்பொழுது சுற்றிலுமிருந்து வெப்பத்தைக் கவர்கிறது. ஆவி மீண்டும் திரவமாகும்பொழுது அவ்வெப்பத்தை வெளிவிடுகிறது. இது ஒன்று. ஒரு திரவம் எந்த உஷ்ணநிலையில் கொதிக்கும் என்பது அதன்மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. இது மற்றொன்று. ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலேயே காட்டலாம். புறங்கையில் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தடவினால் அவ்விடம் குளிரும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அமுக்கினால் பம்பின் அடிப்பகுதி சுடும்.

காரிலுள்ள சாதனத்தில் நான்கு முக்கிய உறுப்புக்கள் உண்டு: ஆவியாக்கி, அமுக்கி, கண்டென்சர், விரிவு வால்வு. இவற்றினூடே குளிர்பதனப் பொருள் ஓயாது சுற்றி வருகிறது. ஆர்-134ஏ என்னும் பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே, நமக்கு நடுக்கந்தரும் குளிர்காற்றும் அதற்குச் சூடான காற்றே. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைப் பெற்று அது ஆவியாகிறது. அமுக்கி அந்த ஆவியை நெருக்கி, உஷ்ணநிலையை உயர்த்துகிறது. சூடேறிய ஆவி கண்டென்சரில் தன் வெப்பத்தைக் காரின் உட்புறக் காற்றுக்கு அளித்துவிட்டுத் திரவமாகிறது. விரிவு வால்வின் வழியே அழுத்தம் தணிந்து, மறுபடியும் ஆவியாக்கிக்கு வருகிறது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே விடுகிறது. கார் வெளியிலிருந்து எடுத்த வெப்பத்தை உள்ளே விடுகிறது. வால்வுகளைத் திருப்பி ஓட்டத்தை மாற்றினால், ஒரே அமுக்கி கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் உதவும்.

ஆதாயமும் அதன் எல்லையும்

மின்தடைச் சூடேற்றி ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். வெப்பப் பம்பு மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதோடு நில்லாமல், வெளியிலுள்ள வெப்பத்தையும் சுமந்து வருவதால், மிதமான குளிரில் இரண்டு முதல் மூன்று யூனிட் வெப்பத்தைத் தரவல்லது. இவ்விகிதம் இரண்டரை எனக் கொண்டால், மேற்சொன்ன காரில் 4 யூனிட்டுக்குப் பதில் 1.6 யூனிட்டே செலவாகும். 14 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் மிச்சமாகும்.

எனினும், கிணறு ஆழமாக ஆழமாக நீரிறைக்கும் உழைப்பு மிகுவதுபோல, வெளியே குளிர் ஏற ஏற இந்த ஆதாயம் குறைகிறது. வெளிச்சுருளில் உறைபனி படிந்து காற்றோட்டத்தைத் தடுப்பதும் உண்டு. அதைக் கரைக்கச் சிறிது சக்தி வீணாகும். ஆகவே, கடுங்குளிருக்கெனத் துணைச் சூடேற்றியும் பல கார்களில் வைக்கப்பட்டிருக்கிறது. மோட்டாரும் மின்கட்டுப்பாட்டுக் கருவிகளும் வெளியிடும் சிறிதளவு வெப்பத்தையும் திரட்டிப் பம்புக்கு அளிக்கும் அமைப்புகளும் வந்துள்ளன.

பாட்டரியின் பாதுகாப்பு

லிதியம்-அயான் பாட்டரிக்கு ஏற்றது ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரி வரையிலான உஷ்ணநிலை. பூஜ்யத்துக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால், லிதியம் உலோகமாகவே மின்வாயில் படிந்து, பாட்டரியைக் கெடுத்து, ஆபத்துக்கும் இடமளிக்கும். மிகுந்த உஷ்ணத்திலோ அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆகவே, பாட்டரியைச் சுற்றி ஓடும் திரவத்தைக் குளிர்பதனச் சுற்றுடன் இணைத்து, தேவைக்கேற்ப வெப்பத்தை எடுக்கவோ கொடுக்கவோ செய்கிறார்கள்.

குளிர்பதனப் பொருள்கள்

ஆர்-134ஏ ஓஸோன் படலத்தைக் கெடுப்பதில்லை. ஆனால், நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியை வெப்பமாக்கவல்லது. இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா அதனை 2021-இல் அங்கீகரித்தது. ஆர்-1234ஒய்எஃப் இவ்வகையில் மிகவும் தீங்கு குறைந்தது. ஆயினும், ஓரளவு தீப்பற்றும் இயல்புடையது. கரியமில வாயுவையே குளிர்பதனப் பொருளாக உபயோகிக்கும் கார்களும் உண்டு. குளிரில் அது சிறப்பாக வேலை செய்யும். ஆனால் 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. அதனால் வெப்ப நாடுகளில் அதன் திறன் குறைகிறது.

நம் நாட்டுக்கு

லடாக், காஷ்மீர், இமாசலப் பிரதேசம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வெப்பப் பம்பு மெய்யான ஆதாயம் தரும். தென்னாட்டுச் சமவெளிகளில் சூடாக்கும் தேவை அரிது. அங்கே பாட்டரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு செவ்வனே இருப்பதே முக்கியம். கார் வாங்குவோர் யோசனை கேட்டால், களப்பணியாளர்கள் இந்த வேற்றுமையை எடுத்துச் சொல்லவேண்டும்.

பழுது பார்ப்போர் சிலவற்றைக் கண்டிப்பாகக் கவனித்தல் நலம். இவ்வண்டிகளின் அமுக்கி உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்குகிறது. அதற்குரிய ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பயிற்சியில்லாதவர் தொடவே கூடாது. உற்பத்தியாளர் குறித்த எண்ணெயையே அமுக்கிக்கு இடவேண்டும். பட்டையால் இயங்கும் பழைய அமுக்கிகளுக்குரிய சில எண்ணெய்கள் மின்காப்பைக் கெடுத்துவிடும். குளிர்பதனப் பொருளைக் காற்றில் திறந்துவிடாமல், உரிய கருவியால் மீட்டெடுக்க வேண்டும்.

ஓட்டுவோர் செய்யக்கூடியதும் உண்டு. புறப்படுமுன், மின்னேற்றும் கம்பி இணைந்திருக்கும்பொழுதே காரைச் சூடாக்கியோ குளிர்வித்தோ வைத்துக்கொண்டால், அச்செலவு பாட்டரியைச் சாராது. கோடையில் நிழலில் நிறுத்துவதும் பலன் தரும். இதற்கு எந்தச் சாதனமும் தேவையில்லை.