கற்றையைக் கடக்கும் கார்பன் இழை

துகள் முடுக்கியில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் புரோட்டான் கற்றையின் அகலத்தை அளக்க, ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில் ‘கம்பி வருடி’ என்னும் கருவி பயன்படுகிறது. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழை ஒன்று, கவை போன்ற சட்டத்தில் கட்டப்பட்டு, கற்றையின் குறுக்கே வீசப்படுகிறது. இழையில் மோதும் புரோட்டான்களால் சிதறும் துகள்களின் எண்ணிக்கையை இழை நின்ற இடத்தோடு பொருத்திப் பார்த்தால் கற்றையின் வடிவம் புலப்படும்.

இழை மெதுவாகச் சென்றால் வெப்பத்தில் ஆவியாகிவிடும் என்பதால், அதை நொடிக்கு 20 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துக்கு முடுக்கி, சட்டம் ஒரு சுற்று சுழன்று முடிவதற்குள் நிறுத்தியும் விட வேண்டும். இயக்கக் கட்டுப்பாட்டின் உண்மையான சோதனை இதுவே. முடுக்கம் திடீரென மாறினால் இழை அதிர்ந்து அளவீட்டைப் பிழையாக்கும் என்பதால், வேகம் வழுவழுப்பாக ஏறி இறங்குமாறு மோட்டாருக்கான மின்னோட்டம் கணந்தோறும் திருத்தப்படுகிறது.

பழைய கருவிகளில் வெளியிலிருந்த மோட்டாரின் அசைவு, துருத்தி போல் மடிந்து விரியும் உலோகக் குழாய் வழியே, கற்றை பாயும் வெற்றிடத்துக்குள் சென்றது. அந்த மடிப்புகள் நாளடைவில் தேய்ந்தன. புதிய வடிவமைப்பில் மோட்டாரின் காந்தச் சுழலி வெற்றிடத்துக்குள்ளும், அதைச் சுழற்றும் கம்பிச் சுருள்கள் வெளியிலும் அமைய, இடையிலுள்ள மெல்லிய உலோகச் சுவரைக் காந்தப்புலம் மட்டுமே ஊடுருவுகிறது. அச்சிலுள்ள தட்டின் நுண்கோடுகளை ஒளியிழை வழியே படித்து இழையின் இடம் கணிக்கப்படுகிறது. கதிர்வீச்சால் பழுதடையக்கூடிய மின்னணுச் சாதனங்கள் நீண்ட கேபிள்களுக்கு அப்பால் வைக்கப்படுகின்றன.