ஓதமும் நாற்றமும்

'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் மணம் என்ற பொதுப்பொருளில் வழங்கியது. நறுமணத்திற்கும் அதுவே பெயர். இன்றோ அச்சொல் இழிந்து, கேட்ட மாத்திரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்கிறது. பொருள் மாறினாலும் அதன் இயல்பு மாறவில்லை. ஏதோ ஒரு பொருளினின்று பிரிந்த நுண்மூலக்கூறுகள் காற்றில் மிதந்து வந்து நம் நாசியைத் தொட்டாலன்றி நாற்றம் ஏது? ஆகவே, மாணவ நண்பர்களே, வீட்டில் தீய வாடை வீசுமாயின், அதனை வெளியிடும் பொருள் அவ்வீட்டில் எங்கோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சாம்பிராணிப் புகை அதைச் சற்று நேரம் மறைக்கும்; அகற்றாது.

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இப்பகுதியின் ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசியை ஒட்டிய சில மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிய பின் எழுந்த வட்டங்களில் அரை நூற்றாண்டைக் கடந்த வீடுகள் பல. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலையும், 2015 நவம்பர்ப் பெருமழையையும் அவை கண்டிருக்கின்றன. மழை விட்டாலும் சுவர் எளிதில் உலர்வதில்லை. நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைப் பாருங்கள்: கையில் எடுத்தால் உலர்ந்த கட்டி போலத் தோன்றும், ஆனால் வெட்டியெடுக்கும்போது அதன் எடையிற் பாதியளவு நீரே! செங்கல்லில் அத்துணை நீர் இல்லை எனினும், அதுவும் நுண்துளைகளில் நீரை ஒளித்து வைத்துக்கொண்டு உலர்ந்தது போல் நடிப்பதில் வல்லது.

அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு வளர்வன பூஞ்சைகளும் சிலவகை நுண்ணுயிர்களும். நுண்ணுயிர்கள் சில வெளியிடும் பொருளொன்றை 1965-இல் அறிவியலார் பிரித்தெடுத்து 'ஜியோஸ்மின்' என்று பெயரிட்டனர். இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு இதனைக் கண்டுகொள்ளும். கோடைமழையின் முதல் துளிகள் விழுந்ததும் எழும் மண்வாசனையிலும் இதற்குப் பங்கு உண்டு. வாசலில் அதை முகர்ந்து மகிழும் நாமே அலமாரித் துணியில் அது வீசினால் முகம் சுளிக்கிறோம்!

வளர்ப்புப் பிராணிகளின் வாடைக்கும் ஈரத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. பூனையோ நாயோ தரையை நனைத்துவிட்டால், சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பூனையின் சிறுநீரில் கந்தகம் கலந்த பொருளும் இருப்பதால் அதன் நெடி மிகக் கொடியது. துணியால் மேலாகத் துடைத்துவிட்டால் தரை உலரும். ஆனால் சிமெண்டின் துளைகளுக்குள் இறங்கிய உப்புகள் அங்கேயே தங்கும். மழைக்காலத்து ஈரத்தை அவ்வுப்புகள் உறிஞ்சியதும் பழைய நெடி மீண்டும் கிளம்பும். வீட்டார் ஒரு பாவமும் அறியாத பூனையை மறுபடியும் வைவார்கள். அவ்விடத்தில் தாராளமாக நீரூற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பழந்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இதனைப் பலமுறை செய்தல் நன்று. எஞ்சிய அம்மோனியாவை, நீர் கலந்த காடி ஓரளவு அடக்கும். பாய், சாக்கு முதலியவற்றை நல்ல வெயிலில் போடுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுநீர் தேங்கிய இடத்தில் சலவைத்தூளைக் கொட்டுவோர் உண்டு. அம்மோனியாவோடு அது கூடினால் குளோரமின் என்னும் நச்சாவி பிறக்கும். காடியோடோ கழிவறை கழுவும் அமிலத்தோடோ கூடினால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டும் நுரையீரலைத் தாக்க வல்லவை.

சுவரிலுள்ள ஓதத்தின் ஊற்றை அறிய நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் பதித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் அடைத்து, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளி அரும்பினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மேல்தளத்து வெடிப்பையோ, கசியும் குழாயையோ, வெளிச்சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையோ தேடுக. அறையை நோக்கிய பக்கத்தில் அரும்பினால் காற்றிலுள்ள ஈரமே குற்றவாளி. அந்நிலையில் சாளரங்களைத் திறப்பதற்கும் நேரம் அறிய வேண்டும். மழை பெய்யும் இரவில் திறந்தால் ஈரக்காற்றையே விருந்துக்கு அழைத்தவர் ஆவோம். மழை ஓய்ந்த வெயில் நேரத்தில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைப்பதே பயன் தரும். உள்ளிருந்து ஈரம் கசியும் சுவருக்குப் பளபளக்கும் வண்ணம் பூசுவது காயத்தைக் கழுவாமற் கட்டுப்போடுவது போன்றது. நம் முன்னோர் அடித்த சுண்ணாம்போ ஈரத்தை ஆவியாக வெளியே விடும். தன் காரத்தால் பூஞ்சையையும் தடுக்கும்.

அலமாரியின் வாடைக்குக் கரி நல்ல துணை. கரி வாயுக்களைக் கவரும் என்பதை ஷீலே 1773-இல் கண்டார். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்குக் கரி நிரப்பப்பட்டது. 1918-இல் அமெரிக்காவில் அதற்கெனப் பழக்கொட்டைகளையும் தேங்காய் ஓடுகளையும் மக்களிடம் திரட்டினார்கள். கரியின் நுண்துளைகளின் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதே இதன் மருமம். அடுப்புக்கரி தொழிற்சாலைக் கரியளவு வலிமை உடையதன்று. ஆயினும் நன்கு உலர்த்தித் துணியில் முடிந்து வைத்தால் சிறிது பயன் தரும். துளைகள் நிரம்பியதும் புதுக்கரி வைக்க வேண்டும்.

ஆனால் அக்கரியைச் சட்டியிலிட்டு மூட்டி, கதவடைத்த அறையைக் காயவைக்க ஒருபோதும் முற்படாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதற்கோ நாற்றமே இல்லை. மூக்கு எச்சரிக்கும் என்று உறங்கியோர் எழுந்திராத செய்தியைக் குளிர்காலந்தோறும் நாளேடுகளிற் காண்கிறோம். கசிவை அடைத்த பின், ஈரச்சுவர் உலர மின்விசிறியும் வெயில்நேரக் காற்றும் போதும். தடித்த சுவராயின் சில மாதங்களும் ஆகலாம்.