எசுப்பானிய மொழியில் படைசார் சொற்கள்

எசுப்பானிய மொழியில் படைவீரரையும் படைகளையும் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. தமிழில் இவை பெரும்பாலும் ‘வீரர்’, ‘இராணுவம்’ என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் எசுப்பானியத்தில் ஒரு சொல் தரநிலையையும், இன்னொன்று தொழிலையும், வேறொன்று நிறுவனத்தையும் குறிக்கும். சொல் மாறினால் செய்தியின் பொருளும் சட்டத்தின் பொருளும் மாறிவிடும்.

சொல்தாதோ, மிலித்தார்

‘சொல்தாதோ’ என்பது படைவீரரைக் குறிக்கும் பொதுச்சொல். சம்பளம் எனப் பொருள்படும் ‘சுவெல்தோ’ இதன் உறவுச்சொல். இரண்டும் ‘சோலிதுசு’ என்ற உரோமைப் பொற்காசின் பெயரிலிருந்து வந்தவை. ஆகவே ஊதியம் பெற்றுப் போரிடுபவர் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். இன்றைய எசுப்பானியத் தரைப்படையில் இது மிகக் கீழ்நிலைப் பதவியின் பெயரும் ஆகும். கடற்படையில் அந்நிலையில் உள்ளவர் ‘மரினேரோ’ எனப்படுகிறார்.

‘மிலித்தார்’ என்பது தொழிலைக் குறிக்கிறது. கடைநிலை வீரர் முதல் படைத்தலைவர் வரை அனைவரும் மிலித்தார்களே. பதவி என்ற பொருளில் பார்த்தால், படைத்தலைவர் ஒருவர் மிலித்தார் ஆவார், சொல்தாதோ ஆகமாட்டார். இச்சொல் பெயரடையாகவும் வரும். இராணுவப் புரட்சியை ‘கோல்பே மிலித்தார்’ என்பர்.

பெண் வீரரைக் குறிக்கும்போது சொல் மாறுவதில்லை. ‘லா சொல்தாதோ’ என முன்னொட்டு மட்டுமே மாறும். வழக்கமான பெண்பால் விகுதியுடன் ‘சொல்தாதா’ என்றால், அது கூலி அல்லது ஊதியத்தைக் குறிக்கும் பழைய சொல்லாகிவிடும்.

எகேர்சித்தோ, புவெர்சாசு அர்மாதாசு

‘எகேர்சித்தோ’ என்ற சொல் பயிற்சி என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பேச்சு வழக்கில் இது இராணுவம் முழுவதையும் குறிக்கும். ஆயினும் அர்கெந்தீனா, கொலம்பியா போன்ற நாடுகளில் நிறுவனப் பெயராக வரும்போது தரைப்படையை மட்டுமே குறிக்கும். முப்படைகளையும் சேர்த்துச் சொல்லும் தொடர் ‘புவெர்சாசு அர்மாதாசு’.

எசுப்பானியாவின் 1978 அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு ஆயுதப் படைகளை மூன்றாக வகுக்கிறது. தரைப்படை ‘எகேர்சித்தோ தே தியெர்ரா’, கடற்படை ‘அர்மாதா’, வான்படை ‘எகேர்சித்தோ தெல் ஐரே’. எனவே அந்நாட்டில் வான்படையும் ஓர் எகேர்சித்தோவே. 2022-இல் அதன் பெயருடன் விண்வெளியும் சேர்க்கப்பட்டது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் வான்படைக்கு ‘புவெர்சா அயேரியா’ என்பதே வழக்கு.

‘அர்மாதா’ என்றால் ஆயுதம் தாங்கியது என்பது நேர்பொருள். எனினும் தனித்து வரும்போது அது கடற்படையையே குறிக்கும். 1588-இல் இங்கிலாந்துக்கு எதிராக அனுப்பப்பட்ட கப்பற்படையை வரலாற்று நூல்கள் ஆர்மடா என அழைப்பது இதனால்தான். ‘மரீனா’ இதைவிட விரிந்த சொல். வணிகக் கப்பல் துறையும் அதில் அடங்கும்.

‘குவார்தியா சிவில்’ 1844-இல் தொடங்கப்பட்ட காவல் அமைப்பு. பெயரில் ‘குடிமை’ என்ற சொல் இருந்தாலும் அது இராணுவத் தன்மை கொண்டது. ஆனால் 8-ஆம் பிரிவு கூறும் முப்படைகளில் அது இடம்பெறவில்லை.

கெர்ரிய்யா, மிலிசியானோ, மிலித்தாந்தே

போர் எனப் பொருள்படும் ‘கெர்ரா’வின் குறுமை வடிவம் ‘கெர்ரிய்யா’, அதாவது சிறுபோர். நெப்போலியனின் படைகளை எதிர்த்து 1808 முதல் 1814 வரை நடந்த போரில் இச்சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் வழங்கும் ‘கெரில்லா’வும் இதுவே. எசுப்பானியத்தில் இது போர்முறையை அல்லது குழுவைக் குறிக்கும். அதில் ஈடுபடும் ஆள் ‘கெர்ரிய்யேரோ’. பழங்காலப் போர்மறவர் ‘கெர்ரேரோ’ எனப்படுவார்.

‘மிலிசியானோ’ என்பவர் குடிமக்கள் படையைச் சேர்ந்தவர். 1936-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் திரட்டிய தன்னார்வலர்கள் இவ்வாறு அழைக்கப்பட்டனர்.

மிகுந்த கவனம் தேவைப்படும் சொல் ‘மிலித்தாந்தே’. இது பெரும்பாலும் ஒரு கட்சியின் அல்லது இயக்கத்தின் உறுப்பினரை, செயற்பாட்டாளரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இதையொத்த சொல்லை நினைத்து ‘தீவிரவாதி’ என மொழிபெயர்த்தால், ஆயுதம் ஏந்தாத ஒருவர்மீது பெரும் பழி விழும்.

சட்டத்தில் சொல்லின் எடை

கோசுட்டா ரிக்கா 1948-இல் தன் இராணுவத்தைக் கலைத்தது. அதன் 1949 அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு, நிலையான நிறுவனமாக எகேர்சித்தோ இருப்பதைத் தடை செய்கிறது. ஆனால் ஒழுங்கைக் காக்கும் காவற்படை அங்கு உண்டு. அதன் பெயர் ‘புவெர்சா பூப்லிக்கா’. கொலம்பியாவிலோ இதே தொடர் முப்படைகளையும் தேசியக் காவல்துறையையும் சேர்த்துக் குறிக்கிறது. ஒரே பெயர் ஒரு நாட்டில் இராணுவம் இல்லாத நிலையையும், மற்றொரு நாட்டில் இராணுவத்தை உள்ளடக்கிய அமைப்பையும் சுட்டுவதால், எந்த நாட்டின் வழக்கு என்பதை அறிந்த பின்னரே இச்சொற்களுக்குப் பொருள் கொள்ள வேண்டும்.