15 ஆட்டங்கள், 15 வெற்றிகள், 726 புள்ளிகள்: 2019-ல் எல்எஸ்யு கல்லூரி அணி சாதித்தது எப்படி?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள சூப்பர்டோம் அரங்கில் 2012-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி நடைபெற்ற கல்லூரிக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி (எல்எஸ்யு) அலபாமா அணியிடம் 0-21 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆட்டம் முழுவதிலும் எல்எஸ்யு அணியால் மைதானத்தின் நடுக்கோட்டை ஒரே ஒரு முறைதான் தாண்ட முடிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி அதே அரங்கில் அதே அணி, நடப்பு சாம்பியனான கிளெம்சனை 42-25 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்திருந்த அணி கிளெம்சன்.

அந்த 2019-ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்எஸ்யு ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றது. மொத்தம் 726 புள்ளிகளைக் குவித்தது. நவீன காலத்தில் அதுவரை உயர்மட்டப் பிரிவின் எந்தக் கல்லூரி அணியும் ஒரே பருவத்தில் இத்தனை புள்ளிகளை எடுத்ததில்லை. அடுத்த பருவத்தில் அதே அணி ஐந்து ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. இந்த எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

இங்கே கால்பந்து என்பது உலகக் கோப்பையில் ஆடப்படும் ஆட்டம் அல்ல. அமெரிக்கர்கள் அதனை 'சாக்கர்' என்பர். அவர்கள் 'புட்பால்' என்று அழைப்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டமாகும். அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது 'டச்டவுன்'; அதற்கு ஆறு புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் பெற்று, ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் உள்ளவருக்கு எறிவதா என்று நொடிகளில் முடிவு செய்பவர் 'குவார்ட்டர்பேக்'.

இந்த ஆட்டத்தின் கல்லூரிப் போட்டிகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளன என்பதற்கு எல்எஸ்யுவின் மைதானமே சான்று. பேட்டன் ரூஜ் நகரில் உள்ள 'டைகர் ஸ்டேடியம்' 1,02,321 இருக்கைகளைக் கொண்டது. அகமதாபாதின் நரேந்திர மோடி கிரிக்கெட் மைதானத்தை விட்டுவிட்டால், இந்தியாவில் இத்தனை பேர் அமரும் விளையாட்டரங்கம் இல்லை. ஆடுபவர்களோ கல்லூரி மாணவர்கள்.

இத்தனை ஆதரவு இருந்தும் எல்எஸ்யு நீண்ட காலம் ஒரு பழைய முறையிலேயே ஆடிவந்தது. வலுவான தற்காப்பு, பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்து இடித்து முன்னேறும் தாக்குதல் என்பதே அந்த முறை. 2011 நவம்பரில் அலபாமாவை அது வென்ற கணக்கு 9-6. இரு அணிகளும் சேர்ந்து ஒரு டச்டவுன்கூட எடுக்காத ஆட்டம் அது. அதன் பிறகு எட்டு முறை தொடர்ந்து அலபாமாவிடம் தோல்வி. எதிரணிகள் பந்தை எறியும் ஆட்டத்துக்கு மாறிக்கொண்டிருக்க, எல்எஸ்யு மாறவில்லை. 2016-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் நீக்கப்பட்டார்.

அவரது இடத்துக்கு முதலில் தற்காலிகமாகவும் பின்னர் முறைப்படியும் வந்தவர் எட் ஓர்ஜரான். லூசியானாவின் தென்கோடியில், சதுப்பு நில நீரோடைகளுக்கு நடுவே உள்ள லரோஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். கரகரத்த குரலும் கஜுன் உச்சரிப்பும் அவரது அடையாளங்கள். இளமையில் எல்எஸ்யுவில் வீரராகச் சேர்ந்து, சில நாள்களிலேயே ஊர் திரும்பியவர். மிசிசிப்பி பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக மூன்று ஆண்டுகளில் 35 ஆட்டங்களில் 10-ல் மட்டுமே வென்று பதவி இழந்தவர். அவர் நியமிக்கப்பட்டபோது, இதைவிடப் பெரிய பெயரைத் தேடியிருக்கலாம் என்று பலர் கருதியதில் வியப்பில்லை.

மாற்றம் இரண்டு பேரின் வருகையால் நிகழ்ந்தது. ஒருவர் ஜோ பர்ரோ. ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த இந்த குவார்ட்டர்பேக், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தும் முதல் அணியில் இடம்பெறவில்லை. அக்காலத்தில் கல்லூரி மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பட்டப்படிப்பை முடித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பர்ரோ மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெற்றிருந்ததால், 2018-ல் எல்எஸ்யுவில் சேர்ந்து உடனடியாக ஆட முடிந்தது. முதல் பருவத்தில் அவர் எறிந்து பெற்ற டச்டவுன்கள் 16. நல்ல வீரர், அவ்வளவே என்பதே அப்போதைய மதிப்பீடு.

மற்றொருவர் ஜோ பிரேடி. தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் உதவியாளராக இருந்த இவரை, 2019 ஜனவரியில் ஓர்ஜரான் அழைத்துவந்தபோது அவருக்கு வயது 29. தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அறுபது வயதை எட்டியவர். தன்னில் பாதி வயதுள்ள ஒருவரின் திட்டங்களை ஏற்று, அவருடன் சேர்ந்து அந்தப் பருவத்தை நடத்தினார். விருதுகள் பிரேடிக்குச் சென்றன. ஆட்டத்தின்போது ஒவ்வொரு முயற்சிக்கும் எந்தத் திட்டம் என்று அறிவித்தவர் பெரும்பாலும் என்ஸ்மிங்கர்தான் என்பது அத்தனை பேசப்படவில்லை.

அவர்கள் கொண்டுவந்த முறையின் அடிப்படை எளிது. முன்பு குவார்ட்டர்பேக்கைக் காக்க ஆறு, ஏழு பேர் நிறுத்தப்படுவர்; இரண்டு, மூன்று பேர் மட்டுமே பந்தைப் பிடிக்க ஓடுவர். புதிய முறையில் ஐந்து பேர் மட்டும் காவலுக்கு நின்றனர். மீதி ஐந்து பேரும் மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரவினர். இதனால் தற்காப்பு அணியும் பரவியாக வேண்டும். அவ்வாறு பரவியவுடன், யார் யாரைக் காக்கிறார் என்பது பந்து நகர்வதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதனுடன் 'ஓட்டமா, எறிதலா' என்ற இரட்டைத் திட்டமும் சேர்ந்தது. குவார்ட்டர்பேக் எதிரணியின் குறிப்பிட்ட ஒரு வீரரை மட்டும் கவனிப்பார். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே பாய்ந்தால், அவர் விட்டுச் சென்ற இடத்துக்குப் பந்து எறியப்படும். பாயாமல் நின்றால் பந்து ஓட்டக்காரரிடம் தரப்படும். எந்த முடிவை எடுத்தாலும் அந்தத் தற்காப்பு வீரர் தவறிழைத்தவர் ஆகிறார்.

இம்முறையில் ஆபத்தும் உண்டு. காவலுக்கு ஐந்து பேரே இருப்பதால், குவார்ட்டர்பேக் இரண்டு, மூன்று நொடிகளுக்குள் சரியாக முடிவெடுக்காவிட்டால் தரையில் வீழ்த்தப்படுவார். பர்ரோ அந்த நொடிகளில் பதறாதவர். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெபர்சன் ஆகிய பந்து பிடிப்பவர்கள் இருவருமே பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் முன்னணி நட்சத்திரங்கள் ஆனவர்கள். இப்படிப்பட்டவர்கள் ஒரே கல்லூரியில், ஒரே ஆண்டில் அமைவது அரிது. திட்டம் மட்டுமே வென்றது என்று கூறுவதற்கு இடமில்லை.

புதிய முறை பேச்சளவில் அல்ல என்பது செப்டம்பர் 7-ஆம் தேதி ஆஸ்டினில் தெரிந்தது. தரவரிசையில் ஒன்பதாம் இடத்தில் இருந்த டெக்சாஸ் அணிக்கு எதிராக எல்எஸ்யு 37-31 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்கும் குறைவான நேரமே இருந்தது. மூன்றாவது முயற்சி; தேவையோ 17 கெஜம். பழைய எல்எஸ்யுவாக இருந்தால் ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுத்து நேரத்தைக் கரைத்திருக்கும். பர்ரோ நெருக்குதலிலிருந்து நழுவி ஜெபர்சனுக்கு எறிந்தார்; 61 கெஜ டச்டவுன். முடிவு 45-38.

நவம்பர் 9-ஆம் தேதி அலபாமாவின் சொந்த மைதானத்தில், முதல் பாதி முடிவில் 33-13 என்று முன்னிலை பெற்ற எல்எஸ்யு, பிற்பாதியின் கடும் நெருக்குதலைத் தாங்கி 46-41 என்று வென்றது. எட்டு ஆண்டுத் தோல்வித் தொடர் முடிவுக்கு வந்தது.

குறையே இல்லாத அணி என்று கூற முடியாது. வாண்டர்பில்ட், மிசிசிப்பி போன்ற நடுத்தர அணிகளிடம்கூட முறையே 38, 37 புள்ளிகளை அதன் தற்காப்பு விட்டுக்கொடுத்தது. வரலாற்றின் மிகச் சிறந்த கல்லூரி அணி எது என்ற விவாதத்தில் 1995-ன் நெப்ராஸ்காவையும் 2001-ன் மியாமியையும் முன்வைப்போர் சுட்டிக்காட்டுவது இதைத்தான். ஆயினும் ஆட்டம் நடந்த நேரத்தில் முதல் 10 இடங்களுக்குள் இருந்த ஏழு அணிகளை ஒரே பருவத்தில் எல்எஸ்யு வென்றது. அந்தக் கணக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல.

டிசம்பர் 28-ஆம் தேதி அட்லாண்டாவில் ஓக்லஹாமா அணிக்கு எதிரான அரையிறுதி, அந்தப் பருவத்தின் உச்சமும் துயரமும் ஆகும். ஆட்டத்தைக் காணப் புறப்பட்டவர்களை ஏற்றிய சிறிய விமானம் அன்று காலை லூசியானாவின் லபாயெட் நகரில் விழுந்து நொறுங்கியது. இறந்த ஐவரில் ஒருவர், விளையாட்டுச் செய்தியாளரான என்ஸ்மிங்கரின் மருமகள். செய்தி மைதானத்தில் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் தமது இடத்துக்குச் சென்று அன்றைய ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன்களை எறிந்தார். எல்எஸ்யு 63-28 என்று வென்றது.

பர்ரோவின் பருவக் கணக்கு 5,671 கெஜம், 60 டச்டவுன்கள். முந்தைய ஆண்டின் 16-உடன் ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புலப்படும். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வாக்கு வித்தியாசத்தில் அவருக்குக் கிடைத்தது. ஏற்புரையில் அவர் தென்கிழக்கு ஓஹியோவில் தாம் வளர்ந்த பகுதியின் வறுமையையும், பள்ளி முடிந்து வீடு திரும்பினால் உணவில்லாத சிறுவர்களையும் குறித்துக் கண்கலங்கப் பேசினார். அதைக் கேட்ட அவ்வூர்க்காரர் ஒருவர் உள்ளூர் உணவு வங்கிக்காக 1,000 டாலர் திரட்ட முயன்றார். சில நாள்களில் 4.5 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது.

அந்த மேடையில் நின்ற பர்ரோவுக்கோ, அன்றைய விதிகளின்படி தமது பெயரைக் கொண்டு ஒரு டாலர்கூட ஈட்ட உரிமையில்லை. கல்லூரி வீரர்கள் தொழில்முறை சாராதவர்கள் என்பதே அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் நெடுநாள் கொள்கை. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, சிறு கைச்செலவுத் தொகை ஆகியவை உண்டு. ஊதியமோ விளம்பர வருவாயோ கிடையாது. இறுதி ஆட்டம் முடிந்தவுடன், முன்னாள் மாணவரும் தொழில்முறை வீரருமான ஓடெல் பெக்காம் ஜூனியர் மைதானத்திலேயே சில வீரர்களின் கையில் பணத்தாள்களைத் திணித்தது காணொலியில் பரவியது. அவை விளையாட்டுக்கான போலித் தாள்கள் என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. உண்மைப் பணம்தான் என்று பர்ரோ பின்னர் ஒரு நேர்காணலில் கூறிவிட்டார். அதே மாதத்தில் ஓர்ஜரானுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 70 லட்சம் டாலர் அளவிலான புதிய ஒப்பந்தம் அளிக்கப்பட்டது.

அணி கலைந்த வேகம், அது சேர்ந்த வேகத்தையும் விஞ்சியது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நடைமுறை 'டிராப்ட்' எனப்படும். ஐபிஎல் ஏலம் போன்றதல்ல இது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. 2020-ல் முதல் வாய்ப்பைப் பெற்ற சின்சினாட்டி பெங்கால்ஸ், பர்ரோவைத் தேர்ந்தெடுத்தது. எல்எஸ்யுவிலிருந்து மொத்தம் 14 பேர் தேர்வாகினர். முதல் சுற்றிலேயே ஐந்து பேர். பிரேடி தொழில்முறை அணி ஒன்றுக்குச் சென்றார். தற்காப்புப் பொறுப்பாளர் டேவ் அராண்டா பெய்லர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். கல்லூரியில் எஞ்சியிருந்த சேஸ், கொரோனா காலப் பருவத்தில் ஆடாமல் விலகினார்.

2020 செப்டம்பர் 26-ஆம் தேதி, கொரோனா கட்டுப்பாடுகளால் பெரும்பகுதி காலியாக இருந்த டைகர் ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம் நடந்தது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி எல்எஸ்யுவின் தற்காப்புக்கு எதிராக 623 கெஜம் எறிந்து 44-34 என்று வென்றது. 2021 அக்டோபரில், பட்டம் வென்று இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், பருவ முடிவில் ஓர்ஜரான் விலகுவார் என்று அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே அனுப்பியதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை சுமார் 1.7 கோடி டாலர்.

அதற்குள் விதிகள் மாறத் தொடங்கியிருந்தன. 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி தொடர்பான சலுகைகளுக்கு வரம்பு விதிப்பது சட்டவிரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம் ஆகியவற்றைக் கொண்டு வருவாய் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டே தளர்த்தப்பட்டது. 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத் தீர்வின்படி, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் வருவாயிலிருந்து முதலாண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

முந்தைய ஆண்டுகளில் மறுக்கப்பட்ட வருவாய்க்கு ஈடாகச் சுமார் 280 கோடி டாலரைப் பத்து ஆண்டுகளில் வழங்கவும் அத்தீர்வு வகை செய்கிறது. 2016-ஆம் ஆண்டு முதல் ஆடிய வீரர்களுக்கு அது பொருந்தும். 2019-ன் எல்எஸ்யு வீரர்களும் அந்தக் காலவரம்புக்குள் வருகின்றனர்.