வட்டு மீனுக்கு யார் துணை?

அமேசான் ஆற்றின் டிஸ்கஸ் மீன்களை வீவக வீட்டில் வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை

கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் நான்கறை வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, என் ஒன்பது வயது மகனுடன் ஒரு மீன்கடைக்குப் போனேன். தொட்டி, வடிகட்டி, ஹீட்டர், அவற்றோடு ஆறு டிஸ்கஸ் மீன்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு தங்க மீன்கள் இருந்தன. கூடவே பத்து நியான் டெட்ரா, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு ‘சக்கர்’ மீன். “எல்லாம் ஒண்ணா இருக்கலாமா?” என்று கேட்டேன். “ஓகே லா, பிரச்சினை இல்லை,” என்றார் கடைக்காரர்.

மூன்று வாரத்தில் நான்கு டிஸ்கஸ் மீன்கள் இறந்துபோயின. பணம் இருநூறு வெள்ளிக்கு மேல். அதைவிட, ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளிச் சீருடையோடு தொட்டி முன் நின்று, “இன்னைக்கு எத்தனைப்பா?” என்று மகன் கேட்டதுதான் தாங்க முடியவில்லை. மீன்களைக் கொன்றது நோயன்று, எங்கள் அவசரம் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பாடம் இன்னொரு வீட்டுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அமேசானிலிருந்து வந்த அழகி

வட்டெறிதலில் வீசும் வட்டைப் போன்ற உருவம் என்பதால் டிஸ்கஸ் என்று பெயர். 1840ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விலங்கியலாளர் யோஹான் யாக்கோப் ஹெக்கல் இதை முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஜிலேபி என்று தமிழ்நாட்டில் அழைக்கப்படும் திலாப்பியாவும் தொட்டிகளில் பிரபலமான ஏஞ்சல் மீனும் இதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. நன்கு வளர்ந்த டிஸ்கஸ் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். கவனித்து வளர்த்தால் பத்து ஆண்டுகள்கூட வாழும்.

காட்டு டிஸ்கஸ் மீன்களின் உடலில் பொதுவாக ஒன்பது செங்குத்துக் கோடுகள் தெரியும். இன்று கடைகளில் காணும் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் பல தலைமுறைகளாக மனிதர் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தவை. அந்த வேலையில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு. ‘பிஜன் பிளட்’ என்ற செம்மஞ்சள் வகை தாய்லாந்தில் உருவானது. பினாங்கு பல ஆண்டுகளாக டிஸ்கஸ் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற இடம். சிங்கப்பூரோ உலக அலங்கார மீன் ஏற்றுமதியில் நீண்டகாலம் முன்னணியில் இருந்த நாடு. ‘அக்குவாராமா’ கண்காட்சி 1989ல் இங்குதான் தொடங்கியது.

இவ்வளவு பக்கத்தில் பண்ணைகள் இருப்பதால் டிஸ்கஸ் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. குஞ்சு ஒன்று சில பத்து வெள்ளி. தேர்ந்த பெரிய மீன் நூறு வெள்ளியையும் தாண்டும். எளிதாகக் கிடைக்கும் மீன் எளிதாக வளரும் என்று நினைத்தது என் முதல் தவறு.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் சூட்சுமம்

“தண்ணீரை ஒரு ராத்திரி பிடித்து வை, குளோரின் போய்விடும்” என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்போம். குளோரினுக்கு அது சரி. ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்நீரில் சேர்ப்பது குளோராமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இந்தக் கிருமிநாசினி நீண்ட தூரக் குழாய்களிலும் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே பயன்படுத்தப்படுகிறது. ஓர் இரவு வைத்தால் அது போய்விடாது. நமக்குத் தீங்கு செய்யாத அந்த அளவே மீனின் செவுளை எரித்துவிடும்.

கடையில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று கேட்டால் பலவகை மருந்துகளைக் காட்டுவார்கள். அவற்றில் குளோராமினைப் பிரிப்பதோடு, பிரியும்போது வெளிவரும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் ஒன்றையே வாங்க வேண்டும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, புதுத் தொட்டியின் பொறுமைச் சோதனை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வளரும் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும. அந்தப் பாக்டீரியா போதிய அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டதால், எங்கள் டிஸ்கஸ் மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறின. சில வெள்ளி விலையுள்ள சோதனைப் பெட்டி ஒன்று இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நம் பருவநிலை அதற்கு ஏறக்குறைய பொருந்தும். ஆனாலும் மழைக்கால இரவுகளிலும் குளிரூட்டி ஓடும் அறைகளிலும் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்பதால் ஹீட்டர் தேவை. வெதுவெதுப்பான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும். எனவே காற்றுக்குமிழி விடும் கருவியும் வேண்டும். அமில காரச் சமநிலை 6க்கும் 7க்கும் இடையே இருப்பது இதற்கு இயல்பு. பண்ணையில் பிறந்த மீன்கள் சற்றுக் கூடுதலான அளவுக்கும் பழகிக்கொள்ளும். எண்ணைத் துரத்தி மருந்துகளை ஊற்றுவதைவிட, அளவு நாளுக்கு நாள் மாறாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

யாரோடு சேரும், யாரோடு சேராது?

டிஸ்கஸ் கூச்ச சுபாவம் கொண்ட மீன். தனியாகவோ இரண்டு மூன்றாகவோ விட்டால், வலுவானது மற்றதை மூலையில் ஒடுக்கிவிடும். ஐந்தாறு சேர்ந்திருந்தால் அந்த அடக்குமுறை பலர்மேல் பரவிக் குறையும். எனவே டிஸ்கஸுக்கு முதல் துணை டிஸ்கஸ்தான். பெரிய மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் என்று கணக்கிட்டால் ஆறு மீனுக்கு 240 லிட்டர். நான்கடித் தொட்டி அதற்குப் போதும்.

பிற மீன்களைச் சேர்க்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இவ்வளவு வெப்பத்தைத் தாங்குமா? மெதுவாகச் சாப்பிடும் டிஸ்கஸின் உணவைப் பறிக்குமா? அதன் துடுப்பைக் கடிக்குமா? வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்?

இந்த நான்கிலும் தேறுவது கார்டினல் டெட்ரா. நீலமும் சிவப்பும் மின்னும் இந்தச் சிறுமீன் அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவில் டிஸ்கஸோடு வாழ்வது. பிரேசிலின் பார்சலோஸ் நகரில் நடக்கும் அலங்கார மீன் திருவிழாவில் மோதும் இரண்டு குழுக்களின் பெயர்களே கார்டினலும் டிஸ்கஸும்தான்! பார்ப்பதற்கு ஏறக்குறைய அதைப் போலவே இருக்கும் நியான் டெட்ரா குளிர்ந்த நீரை விரும்புவது. 29 டிகிரியில் அது நீண்டநாள் தாங்காது. பெயரைச் சரிபார்க்காமல் நான் வாங்கியது அதைத்தான்.

மூக்கு சிவந்த ரம்மிநோஸ் டெட்ரா கூட்டமாக நீந்தினால் டிஸ்கஸுக்குத் தைரியம் வருகிறது. சிறுமீன்கள் பதறாமல் இருந்தால் சுற்றுப்புறம் பத்திரம் என்று அது புரிந்துகொள்கிறது போலும். ராம் என்ற குட்டிச் சிக்லிட்டும் வெப்பம் விரும்புவது. தரையில் விழும் மிச்ச உணவைத் தின்ன கோரிடோராஸ் வேண்டுமென்றால் ‘ஸ்டெர்பாய்’ வகையைக் கேளுங்கள். மற்ற கோரிடோராஸ் வகைகள் பலவற்றுக்கு இந்தச் சூடு ஒத்துவராது.

இனி, சேரக்கூடாதவை. தங்க மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், கழிவும் அதிகம். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். கிளவுன் லோச் குட்டியாக இருக்கும்போது அழகு. ஆனால் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, உணவையும் வேகமாகக் காலி செய்துவிடும். ஏஞ்சல் மீன் உறவுக்கார மீன்தான். ஆனால் சாப்பாட்டில் முந்திக்கொள்ளும். தன்னைப் பாதிக்காத ஒட்டுண்ணிகளை டிஸ்கஸுக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

எல்லாவற்றிலும் மோசம் ‘டேங்க் கிளீனர்’ என்று நம்பி வாங்கும் சாதாரண சக்கர் மீன். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, இரவில் டிஸ்கஸின் தட்டையான உடலில் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் படலத்தைச் சுரண்டித் தின்னும். எங்கள் நான்காவது மீனின் விலாவில் இருந்த வெள்ளைத் தழும்புகளுக்குக் காரணம் அதுதான். பாசி தின்ன ஆள் வேண்டுமென்றால் சிறிதாகவே இருக்கும் பிரிசில்நோஸ் வகை போதும்.

எந்தப் புது மீனையும் நேராகத் தொட்டியில் விடாமல், நான்கு வாரமாவது வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேர்ப்பதே பாதுகாப்பு.

ஐஸ்பெட்டியில் ஒரு சர்ச்சை

டிஸ்கஸ் வளர்ப்போர் பலர் மாட்டு இதயத்தை அரைத்து, உறைய வைத்துக் கொடுப்பார்கள். மீன் வேகமாகப் பெரிதாகும் என்பது காரணம். ஒருநாள் நானும் அதை வாங்கி வந்தேன். “சாமி கும்பிடுற வீட்டு ஐஸ்பெட்டியில அது எதுக்குடா?” என்றார் அம்மா. பல தமிழ்க் குடும்பங்களில் இந்த இடத்தில்தான் பொழுதுபோக்கு நின்றுவிடும்.

நிற்கத் தேவையில்லை. ஆற்றில் டிஸ்கஸ் தின்பது பாசி, மக்கிய இலைத்துகள், சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகள். மாட்டிறைச்சி அதன் இயற்கை உணவே அன்று. கேலாங் சிராய் சந்தையிலோ தேக்காவிலோ வாங்கிய இறாலின் ஓட்டை நீக்கி, முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டு, வேகவைத்த கீரை சேர்த்து அரைத்து, அகர் அகர் கலந்து தட்டையாக உறைய வைத்தால் போதும். உறைந்த ரத்தப்புழுவும் தரமான உருண்டைத் தீனியும் இடையிடையே கொடுக்கலாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோய் கொண்டுவரும் என்பதால் தவிர்ப்பது நல்லது. இப்போது அரைப்பது அம்மாதான்.

தண்ணீர் மாற்றும் கலை

வாரத்துக்கு இருமுறை, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுகிறோம். வெளியேற்றும் நீரில் நைட்ரேட் இருப்பதால் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் அதுவே உரம். புது நீரை வாளியில் பிடித்து வைப்பவர்கள் இறுக மூடி வைக்க வேண்டும். டெங்கி எச்சரிக்கைப் பதாகைகள் பலமுறை தொங்கிய வட்டாரம் எங்களுடையது. திறந்த வாளியில் ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். அபராதத்தைவிட அண்டைவீட்டாரின் உடல்நலம் பெரிது.

தொட்டியை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 50 உயரமுள்ள தொட்டியில் 270 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 270 கிலோகிராம். கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வைப்பதும், கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதும் கீழ்வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

“பிடிக்கவில்லை என்றால் ஆற்றில் விட்டுவிடலாமே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேலாங் ஆறு ஓடிச் சேர்வது மரினா நீர்த்தேக்கத்தில். அது நம் குடிநீர். யாரோ விட்ட பீக்காக் பாஸ் என்ற இன்னொரு தென்னமெரிக்கச் சிக்லிட் இன்று நம் நீர்த்தேக்கங்களில் பெருகி, உள்ளூர் மீன்களை வேட்டையாடுகிறது. அனுமதியின்றி உயிரினங்களை நீர்நிலைகளில் விடுவது குற்றம். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

விலாவில் பால்

தப்பிப் பிழைத்த இரண்டோடு, முறையாகப் பக்குவப்படுத்திய தொட்டியில் நான்கு புது மீன்களைச் சேர்த்தோம். ஓராண்டு கழித்து அவற்றில் இரண்டு இணைசேர்ந்தன. கார்டினல் மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்பதால் அந்த இணையைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். முதல் இரண்டு முறை முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிட்டன. மூன்றாம் முறை, இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்தது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாயின் விலாவில் மொய்த்தன.

டிஸ்கஸின் தனிச்சிறப்பு இதுதான். தாயும் தந்தையும் தோலில் சுரக்கும் படலமே குஞ்சுகளின் முதல் உணவு. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், முட்டையிடும் காலத்தில் அந்தப் படலத்தில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுவதாகக் கண்டறிந்தனர். ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பிறகு பெற்றோர் சிறிது நேரம் விலகி நீந்தத் தொடங்குமாம். பால் மறக்கச் செய்வது போலத்தான். இறந்த நான்கு மீன்களையும் மகன் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் அவன் காலையில் எழுந்ததும் தொட்டி முன் உட்கார்ந்து குஞ்சுகளை எண்ணினான். ஒவ்வொரு நாளும் வேறு எண் வந்தது.

வாங்குமுன் கவனிக்க

• தொட்டி தயாராகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன் வாங்குங்கள்.

• கடையில் மீன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உடல் கறுத்து, மூலையில் ஒதுங்கி, வெள்ளை நூல்போலக் கழிவு விடும் மீன் வேண்டாம்.

• உடலோடு ஒப்பிடக் கண் மிகப் பெரிதாகத் தெரிந்தால், அது சரியாக வளராத மீன்.

• ஒரே கடையிலிருந்து, ஒரே அளவில், ஐந்தாறாக ஒரே சமயத்தில் வாங்குங்கள்.

• ஊருக்குப் போகும் நாள்களில் யார் பார்த்துக்கொள்வார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.