சுகர் மிஷினுக்கும் உண்டு பரீட்சை!

துறையூரில் காலை ஆறரை மணி. நம் வீட்டு சுகர் மிஷின் 168 காட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மிஷினில், அதே விரலில், 181! “இதுல எதுங்க நெசம்?” என்றால் பதில்: ரெண்டுமே சரியாக இருக்கலாம்! எப்படி என்று தெரிய, இந்த மிஷின்கள் பரீட்சை எழுதும் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க.

பரீட்சையின் பெயர் ஐ.எஸ்.ஓ. 15197. குறைந்தது 100 பேர் விரல் நீட்ட வேண்டும். மூன்று வெவ்வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) ஸ்ட்ரிப்கள், ஒவ்வொன்றிலும் ரெண்டு தடவை. ஆக மொத்தம் 600 ரிசல்ட்! இந்தப் பக்கம் உள்ளங்கை மிஷின் அஞ்சு விநாடியில் எண்ணைச் சொல்ல, அந்தப் பக்கம் அதே ஆளின் ரத்தம் பெரிய ஆய்வுக்கூடக் கருவிக்குப் போகிறது. அது சொல்வதுதான் சரியான விடை.

2013-இல் வந்த விதிப்படி, சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை கூடக் குறைய இருக்கலாம். 100-உம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம். 600-இல் 570 இதற்குள் விழுந்தாக வேண்டும். 168-உம் 181-உம் ஏன் சண்டை போடவில்லை என்று இப்போது புரிகிறதா?

இனிதான் வேடிக்கை! 50-க்குக் கீழே, 400-க்கு மேலே உள்ள ரத்தமும் பரீட்சைக்குக் கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்களா? அதனால் ரத்தத்தையே ‘தயார்’ செய்கிறார்கள். அளவு ஏற வேண்டுமா, குளுக்கோஸைக் கலக்கிவிடு. இறங்க வேண்டுமா, குழாயில் அப்படியே விட்டுவிடு. உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்! நம் ஊர் லேபில் சுகருக்கு மட்டும் சாம்பல் மூடி போட்ட குழாயை எடுக்கிறார்களே, அந்தக் கள்ளத் தீனியை நிறுத்தத்தான். உள்ளே இருக்கும் ஃபுளோரைடு உப்பு அணுக்களின் வாயைக் கட்டிவிடும்.

பாஸ் மார்க் வாங்கியதெல்லாம் கடைசிவரை பாஸா? அமெரிக்காவில் விற்பனையில் இருந்த 18 மிஷின்களை வாங்கி மறுபடி சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவுப்படி முழுமையாகத் தேறியவை ஆறே ஆறு!

ஆனால் எல்லாப் பழியையும் மிஷின் தலையில் கட்ட முடியாது. ஜப்பானில் சர்க்கரை நோய் இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் குத்திப் பார்த்தார்கள். திராட்சை உரித்த விரலில் எண் 300-ஐத் தாண்டியது! ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் முழுசாக இறங்கவில்லை. தண்ணீரில் கழுவியதும் சமர்த்தாகிவிட்டது. மாம்பழ சீசனில் நம் வீடுகளில் என்னவெல்லாம் நடக்கும், யோசியுங்கள்!

ஸ்ட்ரிப்புக்கும் ஒரு மனசு உண்டு. அதன் முனையில் தடவியிருப்பது ஒரு நொதி. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சடித்திருக்கும். திருச்சிப் பக்கத்துச் சித்திரை வெயிலோ அதைக் கேட்டுச் சிரிக்கும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் சுகர் பார்க்கும் தன்னார்வலப் பெண்களின் பையிலும் இந்த ஸ்ட்ரிப்தான் வெயிலில் நடக்கிறது. டப்பா மூடியை இறுக்கி, நிழலில் வைப்பதே பாதி வைத்தியம்.

சரி, உங்கள் மிஷினுக்கு நீங்களே பரீட்சை வைக்கலாமா? தாராளமாக! அடுத்த தடவை லேபுக்குப் போகும்போது மிஷினையும் கொண்டு போங்கள். வெறும் வயிறுதான் தோது. சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிடத் தூக்கலாக இருக்கும். கையைக் கழுவித் துடைத்து, நரம்பில் ரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் விரலைக் குத்துங்கள். லேப் 200 என்றால் மிஷின் 170 முதல் 230 வரை சொல்லலாம். லேப் 80 என்றால் 65 முதல் 95 வரை. அடிக்கடி இந்த எல்லை தாண்டினால் புது டப்பா ஸ்ட்ரிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒற்றை எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

லேப்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்; பார்க்கட்டும். ரெண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் அவரே அசந்து, “என்ன மிஷின்ங்க இது?” என்று கேட்பார்!