போருக்குப் போகும் சரக்குக் கப்பல்

ஓசூர் தொழிற்சாலைகளின் மோட்டார் சைக்கிள்களும் உதிரிபாகங்களும் கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய், ஆப்பிரிக்காவரை செல்கின்றன. கடலில் அவற்றைச் சுமக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை அயல்நாட்டுக் கொடியைப் பறக்கவிடுபவை. சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. போர் வந்தால் கதை வேறு.

ஒரு பெரும்படையை டாங்கி, லாரி, ரேஷனோடு ஏற்றிச்செல்லும் அளவுக்குப் பெரும்பாலான கடற்படைகளிடம் கப்பல் கிடையாது. தேர்தல் வந்ததும் அஞ்செட்டி மலைப்பக்கம் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கொண்டுபோகப் பள்ளி வேன்களை எடுத்துக்கொள்வதுபோல, அரசு வணிகக் கப்பல்களை எடுத்துக்கொள்ளும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் உல்லாசக் கப்பலான குயின் எலிசபெத்-2இலேயே படைவீரர்களை ஏற்றியது.

நம் அனுபவம் அதற்கும் முந்தையது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, காக்ஸ் பஜார் கரையில் இறங்கவேண்டிய கூர்க்கா வீரர்கள் கல்கத்தாவில் ஏறியது ‘விஷ்வ விஜய்’ என்ற வணிகக் கப்பலில். துறைமுகம் இல்லாத கரையை அதனால் நெருங்க முடியாது. ஆகவே நடுக்கடலில் ஐ.என்.எஸ். கரியால், குல்தார் என்ற தரையிறங்கு கப்பல்களுக்கு வீரர்களை மாற்றினார்கள். கரைக்கு முன்னால் மணல்திட்டு, அதைத் தாண்டினால் ஆழம். மூழ்கி இறந்தவர்களும் உண்டு.

இப்படி வணிகக் கப்பலை நம்பியதில் விசித்திரமான சம்பவம் கனடாவுடையது. கொசோவோவிலிருந்து திரும்பிய கனடா ராணுவத்தின் 500க்கும் மேற்பட்ட வாகனங்களும் ஏராளமான கன்டெய்னர்களும் ‘கேட்டி’ என்ற வாடகைக் கப்பலில் வந்தன. கப்பலை அமர்த்திய இடைத்தரகு நிறுவனங்களுக்குள் பணத் தகராறு. கப்பல் கனடாவுக்குள் நுழையாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், 2000 ஆகஸ்ட் 3 அன்று கனடா கடற்படை ஹெலிகாப்டரிலிருந்து வீரர்களை அந்தக் கப்பல்மேல் இறக்கி, தன் ராணுவத்தின் சாமான்களை மீட்டது. சண்டை ஏதுமில்லாத நாளிலேயே இந்தப் பாடு!

நம் நாட்டுக் கப்பல்களின் பங்கோ குறைந்துவிட்டது. 1980களின் இறுதியில் இந்தியாவின் வெளிநாட்டு வணிகச் சரக்கில் சுமார் 40 சதவீதத்தை இந்தியக் கப்பல்கள் சுமந்தன. 2018-19இல் அது சுமார் 8 சதவீதம். அவசரத்தில் அரசு ஆணைக்குக் கட்டுப்படும் கப்பல்களின் பங்கும் அதோடு குறைகிறது. அரசு நிறுவனங்களின் இறக்குமதிச் சரக்கை ஏற்றும் இந்தியக் கப்பல்களுக்கு 5 ஆண்டுகளில் 1,624 கோடி ரூபாய் மானியம் என 2021இல் அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் தனியார் ஏற்றுமதி அதில் சேரவில்லை. ஓசூர் கன்டெய்னர்களில் ஒரு பங்காவது இந்தியக் கப்பலில் ஏறும்படி வாடகையும் வரியும் அமைந்தால்தான், சமாதான காலத்தில் கப்பல் வைத்திருப்பது உரிமையாளருக்குக் கட்டுப்படியாகும்.